அதே கோப்புதானா? ஹாஷ் மதிப்பைக் கொண்டு மென்பொருளை அடையாளம் காணுதல்

ஒரு கணினியின் வட்டைத் திறந்து எண்ணினால் கோப்புகள் சில லட்சம் தேறும். உரிமையாளர் தன் கையால் உருவாக்கியவை அதில் மிகச் சிறு பங்கு. மீதியெல்லாம் இயங்குதளத்தோடும் பிறகு நிறுவிய மென்பொருள்களோடும் வந்தவை: எழுத்துருக்கள், நிரல் நூலகங்கள், பொத்தான் படங்கள், உதவிப் பக்கங்கள். வழக்கு ஒன்றில் கைப்பற்றப்பட்ட வட்டைப் பரிசோதிக்கும் தடயவியல் நிபுணர் முதலில் இந்தக் கூட்டத்தை விலக்கியாக வேண்டும். சர்வரைப் பராமரிப்பவருக்கு வேறு கவலை. நிறுவியபோது இருந்த நிரல்தான் இன்றும் இருக்கிறதா, யாராவது உள்ளே புகுந்து மாற்றிவிட்டார்களா? ஒரு நிரல் நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாகச் செய்தி வந்த அன்று, நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர் கேட்பது இன்னொன்று: அந்த நூலகம் நம்மிடம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது?

மூன்றும் அடிப்படையில் ஒரே கேள்விதான். கையில் இருக்கும் இந்தக் கோப்பு எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பைச் சேர்ந்தது? பெயரை வைத்துச் சொல்ல முடியாது. யாரும் பெயரை மாற்றலாம். தேதியும் அளவும்கூட அப்படித்தான். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதற்குச் சொல்லப்பட்டுவரும் முதன்மையான விடை, கோப்பின் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு, முன்பே தொகுத்து வைத்த பட்டியலில் தேடுவது. இந்த முறை எப்படி வளர்ந்தது, எங்கே நன்றாக வேலை செய்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹாஷ் கணக்கு சொல்வது 'இரண்டிலும் இருப்பவை ஒரே பைட்டுகள்' என்ற ஒரே ஒரு செய்தி. அது எது, யார் செய்தது, நம்பத் தகுந்ததா என்பதையெல்லாம் பட்டியல்தான் சொல்ல வேண்டும். இத்துறையில் நேர்ந்த சறுக்கல்களில் பெரும்பாலானவை கணிதத்தால் வந்தவை அல்ல. பட்டியல் எழுதப்பட்ட விதத்தால் வந்தவை.

கணக்கு என்ன செய்கிறது

ஹாஷ் சார்பு எவ்வளவு பெரிய கோப்பையும் எடுத்துக்கொண்டு, எப்போதும் ஒரே நீளமுள்ள ஓர் எண்ணைத் தரும். ரொனால்ட் ரிவெஸ்ட் வடிவமைத்து 1992இல் வெளியான எம்டி5 தருவது 128 பிட். பதினாறு நிலை எண்முறையில் எழுதினால் 32 எழுத்துகள். 1995இல் அமெரிக்க அரசின் தரமாக வந்த ஷா-1 தருவது 160 பிட், அதாவது 40 எழுத்துகள். இன்று பரவலாகப் புழங்கும் ஷா-256 தருவது 64 எழுத்துகள். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடையில் ஏறத்தாழப் பாதி பிட்டுகள் புரண்டுவிடும். அதனால் இரண்டு கோப்புகளை முழுதாக ஒப்பிடாமல் அவற்றின் எண்களை மட்டும் ஒப்பிட்டாலே போதும்.

காவல் துறையின் கைரேகைப் பதிவேடு இதற்குப் பொருத்தமான உவமை. சம்பவ இடத்தில் கிடைத்த ரேகை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அதே ரேகை ஒரு பெயரோடு பதிவேட்டில் முன்பே ஏறியிருந்தால்தான் ஆள் யாரென்று தெரியும்.

இரண்டு சிறிய கோப்புகளைப் பார்த்தால் இந்த முறையின் எல்லை புரியும். முதலாவது, ஒரு பைட்கூட இல்லாத வெற்றுக் கோப்பு. அதற்கும் ஹாஷ் உண்டு. எம்டி5 கணக்கில் அது 'டி41டி8சிடி98' என்று தொடங்கும். எந்தக் கணினியில் கணக்கிட்டாலும் அதேதான். பைத்தான் மொழியின் மென்பொருள் தொகுப்புகளில், ஒரு கோப்புறையை நிரல் தொகுதியாகக் காட்டுவதற்கென்றே வைக்கப்படும் வெற்றுக் கோப்புகள் ஏராளம். அத்தனைக்கும் ஒரே எண். கணக்கில் பிசகே இல்லை. ஆனால் 'இது எந்தத் தொகுப்பின் கோப்பு' என்று கேட்டால் 'எல்லாவற்றினுடையதும்' என்றுதான் விடை வரும்.

இரண்டாவது, கட்டற்ற மென்பொருள்களோடு கூடவே வரும் ஜிபிஎல் உரிமக் கோப்பு. இதன் இரண்டாம் பதிப்பு 1991இல் வந்தது; உரிமத்தின் விதிகள் அன்றிலிருந்து மாறவில்லை. ஆனால் கோப்பில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் பாஸ்டன் முகவரியும் இருந்தது. 2005இல் அறக்கட்டளை டெம்பிள் பிளேஸிலிருந்து பிராங்க்ளின் தெருவுக்கு இடம் மாறியது. கோப்பில் முகவரியைத் திருத்தினார்கள், ஹாஷும் மாறிப்போனது. சட்டத்தின் பார்வையில் ஒரே உரிமம், ஹாஷின் பார்வையில் இரண்டு வேறு கோப்புகள். சாதனங்களுக்குள் பதிக்கும் லினக்ஸைக் கட்ட உதவும் யோக்டோ திட்டம், ஒவ்வொரு மென்பொருளின் உரிமக் கோப்புக்கும் எம்டி5 எண்ணைக் குறித்து வைக்கச் சொல்கிறது. உரிமம் சத்தமில்லாமல் மாற்றப்பட்டால் உடனே தெரிய வேண்டும் என்பது நோக்கம். முகவரி மாறினாலும் அது தருவது அதே எச்சரிக்கைதான். எந்த மாற்றம் முக்கியம், எது வெறும் முகவரி என்று பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும்.

பட்டியல்கள் வளர்ந்த கதை

முதல் தலைமுறைப் பட்டியல் அவரவர் கணினிக்கானது. 1992இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம்மும் ஜீன் ஸ்பாஃபோர்டும் உருவாக்கிய டிரிப்வயர் இதன் முன்னோடி. கணினி நல்ல நிலையில் இருக்கும்போது முக்கியமான கோப்புகளின் ஹாஷ் மதிப்புகளைப் பதிந்துவைக்கும். பிறகு அவ்வப்போது ஒப்பிட்டு எது மாறியது என்று சொல்லும். பதிந்த அன்று கணினி உண்மையிலேயே நல்ல நிலையில் இருந்ததா என்பதற்கு மட்டும் அதனிடம் பதில் இல்லை.

அந்தக் குறையைத் தயாரிப்பாளரின் பட்டியல் தீர்த்தது. 2001 வாக்கில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ், தன் சோலாரிஸ் இயங்குதளத்தோடு அனுப்பிய கோப்புகளின் எம்டி5 எண்களை ஒரு பொதுத் தரவுத்தளமாகத் திறந்து வைத்தது. சந்தேகத்துக்குரிய கோப்பின் எண்ணை ஒட்டினால், அது எந்தத் தொகுப்பின் எந்தப் பதிப்பில் வந்தது என்று விடை வந்தது. பட்டியலில் இல்லையென்றால் அது சன் அனுப்பிய கோப்புதானா என்ற சந்தேகம் எழும். கோப்பைச் செய்தவரே எழுதிய பட்டியல் என்பதுதான் அதன் பலம். ஒரே நிறுவனத்தின் சரக்கை மட்டுமே அது அறியும் என்பது பலவீனம்.

எல்லா நிறுவனங்களின் சரக்கையும் ஒரே இடத்தில் சேர்க்கும் வேலையை எடுத்துக்கொண்டது நிஸ்ட், அதாவது அமெரிக்க அரசின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம். அதன் 'நேஷனல் சாஃப்ட்வேர் ரெஃபரன்ஸ் லைப்ரரி' மேரிலாந்து மாநிலத்தின் கெய்தர்ஸ்பர்க்கில் இருக்கிறது. மென்பொருளை அசல் வடிவில் வாங்கி அலமாரியில் வைத்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் கணக்கிட்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பட்டியலை வெளியிடுகிறார்கள். 'இந்த எண் எங்கிருந்து வந்தது' என்று நீதிமன்றம் கேட்டால் அசல் பெட்டியைக் காட்ட முடிய வேண்டும் என்பதற்காகவே இந்த அலமாரி. பட்டியலின் பழைய உரைவடிவத்தில் ஒரு வரியை எடுத்துப் பார்த்தால் எட்டு விவரங்கள் இருக்கும்: ஷா-1, எம்டி5, சிஆர்சி32, கோப்பின் பெயர், அளவு, மென்பொருள் எண், இயங்குதள எண், சிறப்புக் குறி. அண்மை வடிவம் தரவுத்தளக் கோப்பாகவே வருகிறது. ஷா-256உம் அதில் சேர்ந்துவிட்டது. ஒரே கோப்பு பல மென்பொருள்களில் வந்தால் அதே எண் பல வரிகளில் வரும். அதனால் எண்ணுக்கு ஒரு வரி மட்டும் வைத்துச் சுருக்கிய பதிப்பையும் தருகிறார்கள்.

இந்தப் பட்டியலைப் பயன்படுத்துவோர் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. இது நல்ல கோப்புகளின் பட்டியல் அல்ல, தெரிந்த கோப்புகளின் பட்டியல். ஊடுருவலுக்குப் பயன்படும் கருவிகளும், படத்துக்குள் செய்தியை ஒளிக்கும் மென்பொருள்களும்கூட இதில் உண்டு. பட்டியலில் இருப்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு விலக்கும் பரிசோதகர், வழக்குக்கு வேண்டிய தடயத்தையே விலக்கிவிடக்கூடும்.

லக்சம்பர்க்கின் கணினி அவசரநிலைக் குழுவான சர்க்கிள், நிஸ்ட் பட்டியலையும் லினக்ஸ் விநியோகங்களின் கோப்பு எண்களையும் சேர்த்து, யாரும் கேட்டுப் பார்க்கக்கூடிய சேவையாக நடத்துகிறது. பிரான்ஸின் இன்ரியா 2016இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ், உலகின் திறமூல நிரல்களைச் சேமித்து, ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே அடையாள எண் தருகிறது. அந்த எண்முறை 2025இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆகிவிட்டது. ஜாவா உலகின் மேவன் சென்ட்ரல் களஞ்சியத்தில் ஷா-1 எண்ணைக் கொடுத்தே ஒரு நூலகத்தின் பெயரையும் பதிப்பையும் தேட முடிகிறது.

லினக்ஸ் விநியோகங்களில் பட்டியல் தொகுப்போடு கூடவே வருகிறது. ஆர்பிஎம் வகை அமைப்பில் சரிபார்ப்புக் கட்டளை கொடுத்தால், மாறிய கோப்புக்கு 'எஸ்.5....டி.' என்பதுபோல ஒன்பது இடங்கள் கொண்ட ஒரு குறியீட்டு வரி வரும். 'எஸ்' என்றால் அளவு மாறியிருக்கிறது. 'டி' என்றால் நேரம். '5' என்றால் ஹாஷ். எம்டி5 புழங்கிய காலத்தில் வைத்த குறி அது. ஃபெடோரா 2009இலேயே ஷா-256க்கு மாறிவிட்டது. ஆனால் அந்த 5 இன்றும் வரியில் அப்படியே நிற்கிறது. டெபியனிலும் நிறுவிய ஒவ்வொரு தொகுப்புக்கும் எம்டி5 பட்டியல் வட்டிலேயே இருக்கும். தற்செயலாகக் கெட்டுப்போன கோப்பைக் கண்டுபிடிக்க இது போதும். ஆனால் நிர்வாகி உரிமையோடு உள்ளே வந்தவனுக்குக் கோப்பை மாற்றியதுபோலவே பட்டியலையும் மாற்றிவிட முடியும். நம்பக்கூடிய பட்டியல் கணினிக்கு வெளியே இருக்க வேண்டும்.

எந்த மட்டத்தில் ஹாஷ் போடுவது

வெளிப்பார்வைக்குச் சின்னதாகத் தோன்றி, நடைமுறையில் அதிகம் படுத்தும் கேள்வி இதுதான். மென்பொருள் பெரும்பாலும் சுருக்கிக் கட்டிய ஒற்றைக் கோப்பாக வருகிறது. கட்டுக்கு ஹாஷ் போடலாம். கட்டைப் பிரித்து உள்ளிருக்கும் கோப்புகளுக்குப் போடலாம். கோப்புகளின் எண்களை எல்லாம் வரிசைப்படுத்தி அந்த வரிசைக்கே ஒரு ஹாஷ் போடலாம். மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

கட்டுக்குப் போடும் ஹாஷ் எவ்வளவு எளிதில் முறியும் என்பதை 2023 ஜனவரி 30 காட்டியது. கிட்ஹப் தளம், எந்த நிரல் களஞ்சியத்தையும் கேட்ட மாத்திரத்தில் சுருக்கிக் கட்டித் தரும். பேசல், ஹோம்ப்ரூ போன்ற கருவிகளைப் பயன்படுத்துவோர் பலர் அந்தக் கட்டின் ஷா-256ஐத் தங்கள் நிரலில் எழுதி வைத்திருந்தார்கள். அன்று கிட்ஹப் தன் சர்வர்களில், களஞ்சியங்களைப் பராமரிக்கும் கிட் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றியது. அந்தப் பதிப்பு, சுருக்குவதற்கு வெளி நிரலை அழைக்காமல் தானே சுருக்கும். உள்ளே இருந்த நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. சுருக்கிய பைட்டுகள் மட்டும் மாறின. உலகெங்கும் எண்கள் பொருந்தாமல் கட்டுமானங்கள் நின்றுபோயின. சில மணி நேரத்தில் கிட்ஹப் பழைய முறைக்குத் திரும்ப நேர்ந்தது.

கோ மொழியைச் செய்தவர்கள் இந்தக் குழியை முன்பே தாண்டியிருந்தார்கள். ஒரு தொகுப்புக்கு அவர்கள் பதியும் எண், சுருக்கிய கட்டின் ஹாஷ் அல்ல. உள்ளிருக்கும் ஒவ்வொரு கோப்பின் ஷா-256ஐயும் பெயரோடு ஒரு வரியாக எழுதி, வரிகளை வரிசைப்படுத்தி, அந்தப் பட்டியலுக்கு மீண்டும் ஷா-256 கணக்கிடுகிறார்கள். எப்படிச் சுருக்கினாலும் எண் மாறாது. நிக்ஸ் அமைப்பும் கிட்ஹப்பிலிருந்து எடுப்பவற்றைப் பிரித்த பிறகே ஹாஷ் போடுகிறது.

ஒரே கோப்புக்கு ஒரே கணக்கைப் போட்டாலும் அமைப்புக்கு அமைப்பு எண் மாறலாம். வெற்றுக் கோப்பின் ஷா-1 'டிஏ39ஏ3' என்று தொடங்கும். கிட் அதே வெற்றுக் கோப்புக்குத் தரும் எண் 'இ69டிஇ29' என்று தொடங்குகிறது. உள்ளடக்கத்துக்கு முன்னால் அதன் வகையையும் அளவையும் சொல்லும் சிறு தலைப்பைச் சேர்த்துக் கிட் கணக்கிடுவதுதான் காரணம். இரு பட்டியல்களை இணைக்கப் புறப்படுவோர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது.

மட்டத்தைத் தவறாகத் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021 டிசம்பரைவிட நல்ல சாட்சி இல்லை. ஜாவா மென்பொருள்கள் பதிவேடு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே நூலகத்தில் மிக மோசமான ஓட்டை இருப்பது டிசம்பர் 9 அன்று வெளியே தெரிந்தது. பதிப்பு 2.14.1 வரை பாதிக்கப்பட்டிருந்தது. பாதிக்கப்பட்ட ஜார் கோப்புகளின் (ஜாவா நிரலைச் சுருக்கிக் கட்டிய கட்டுகளின்) ஹாஷ் பட்டியல்கள் உடனே சுற்றுக்கு வந்தன. வட்டு முழுவதும் அந்த எண்களைத் தேடியவர்களுக்குச் சில கோப்புகள் அகப்பட்டன, பல அகப்படவில்லை. காரணம், ஜாவா நிரலை அனுப்பும்போது அதற்கு வேண்டிய ஜார்களை எல்லாம் இன்னொரு பெரிய ஜாருக்குள் வைத்துக் கட்டுவது வழக்கம். வெளி ஜாரின் ஹாஷ் எந்தப் பட்டியலிலும் இருக்காது. சில கருவிகள் உள்ளிருக்கும் ஜார்களையும் பிரித்து, எல்லா வகுப்புக் கோப்புகளையும் ஒன்றாகக் கலந்துவிடும். அப்போது லாக்4ஜே என்ற ஜாரே எங்கும் இருக்காது. இன்னும் சில கருவிகள் வகுப்புகளின் பெயரையே மாற்றி எழுதும். அப்போது வகுப்புக் கோப்பின் பைட்டுகளும் மாறிவிடும்.

எனவே தேடுகிறவர்கள் ஜாருக்குள் ஜார் என்று அடுக்கடுக்காகப் பிரித்து, ஜேஎன்டிஐலுக்அப் என்ற வகுப்புக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டியதாயிற்று. அவசரச் சிகிச்சையாகச் சொல்லப்பட்டதும் அந்த ஒரு வகுப்பை ஜாரிலிருந்து நீக்குவதுதான். நீக்கியவர்களின் ஜாருக்குப் புதிய ஹாஷ். அது பாதிக்கப்பட்டவற்றின் பட்டியலிலும் இல்லை, அதிகாரபூர்வ வெளியீடுகளின் பட்டியலிலும் இல்லை. அடையாளம் காணும் முறையின் கண்ணுக்கு அது பெயரில்லாத கோப்பு.

உடைந்த கணக்குகள்

எம்டி5, ஷா-1 இரண்டும் உடைந்துவிட்டன என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த வகையில் உடைந்தன என்று பார்க்காமல் பழைய பட்டியல்களின் பயனை எடைபோட முடியாது.

2004 ஆகஸ்டில் சியாவோயுன் வாங்கும் அவருடைய குழுவினரும் ஒரே எம்டி5 எண் தரும் இரண்டு வேறு தரவுகளைக் காட்டினார்கள்; இதற்கு மோதல் என்று பெயர். இரண்டே ஆண்டில், கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் செலிங்கர் இரண்டு நிரல்களை வெளியிட்டார். ஒன்று வணக்கம் சொல்லும்; மற்றது வட்டை அழிப்பதாக மிரட்டும்; இரண்டுக்கும் ஒரே எம்டி5. 2012இல் அகப்பட்ட ஃபிளேம் என்ற உளவு மென்பொருள், எம்டி5 மோதலைக் கொண்டு மைக்ரோசாஃப்டின் சான்றிதழ் போலவே ஒன்றைப் போலியாகச் செய்திருந்தது. 2017 பிப்ரவரி 23 அன்று கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் ஒரே ஷா-1 எண் கொண்ட இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. ஒரு சோதனைக்காக அவ்விரண்டையும் வெப்கிட் திட்டத்தின் களஞ்சியத்தில் ஏற்றியபோது, ஷா-1ஐ நம்பி இரட்டைக் கோப்புகளை ஒன்றாக்கும் சப்வெர்ஷன் அமைப்பு குழம்பிக் களஞ்சியமே முடங்கியது. ஷா-1ஐ 2030 இறுதிக்குள் முற்றாகக் கைவிடும்படி நிஸ்ட் 2022இல் அறிவித்துவிட்டது.

இவையெல்லாம் மோதல் தாக்குதல்கள். தாக்குபவர் இரண்டு கோப்புகளையும் தானே செய்து, இரண்டுக்கும் ஒரே எண் வரும்படி இழைக்கிறார். ஏற்கெனவே இன்னொருவர் செய்து வெளியிட்ட கோப்புக்குப் பொருந்தும்படி வேறொரு கோப்பைச் செய்வது இதைவிடப் பன்மடங்கு கடினம்; எம்டி5க்கேகூட அது இன்றுவரை நடைமுறையில் இயலாத காரியம். இந்த வேறுபாடுதான் பட்டியல்களின் நிலையைத் தீர்மானிக்கிறது. 1998இல் கடையில் வாங்கிய ஒரு மென்பொருள் வட்டின் எம்டி5 எண், அந்த வட்டின் கோப்புகளை அடையாளம் காண இன்றும் உதவும். யார் வேண்டுமானாலும் கோப்பை ஏற்றலாம் என்றிருக்கும் களஞ்சியத்தின் எம்டி5 பட்டியலுக்கு அந்த மதிப்பு கிடையாது. நல்ல கோப்பைக் கொடுத்துப் பட்டியலில் பெயர் வாங்கிவிட்டு, அதே எண் கொண்ட கெட்ட கோப்பைப் பிறகு பரப்ப முடியும். கணக்கு ஒன்றே, பட்டியலுக்குள் யார் எழுதலாம் என்பதைப் பொறுத்து ஆபத்து மாறுகிறது.

புதிய வேலைக்கு எம்டி5ஐயோ ஷா-1ஐயோ தேர்ந்தெடுக்க இன்று ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் அவை மறையவில்லை. 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம், மின்னணு ஆவணத்தோடு தர வேண்டிய சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. படிவத்தில் கொடுக்கப்பட்டிருக்கும் தெரிவுகள் ஷா-1, ஷா-256, எம்டி5, சட்டம் ஏற்கும் பிற முறை. சான்றிதழ் எழுதுகிறவர் ஷா-256ஐத் தேர்ந்தெடுத்துவிட்டால் எதிர்த் தரப்பின் ஒரு கேள்வி அங்கேயே அடைபடும்.

எண் பொருந்தியும் ஏமாறுவது

2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் திட்டத்தின் இணையதளத்துக்குள் ஒருவர் புகுந்து, 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பைத் தன்னுடைய கள்ளப் பதிப்புக்குத் திருப்பிவிட்டார். உண்மைப் பதிப்பின் எம்டி5 எண்களை வெளியிட்டு ஒப்பிட்டுப் பார்க்கும்படி திட்டக்குழு பயனர்களைக் கேட்டுக்கொண்டது. கோப்பும் அதன் எண்ணும் ஒரே பக்கத்தில் இருந்தால், கோப்பை மாற்றும் கை எண்ணையும் மாற்றும். அதனால்தான் டெபியன் போன்ற விநியோகங்கள் எண்களைச் சங்கிலியாகக் கோக்கின்றன: ஒவ்வொரு தொகுப்பின் ஹாஷும் ஓர் அட்டவணையில், அட்டவணையின் ஹாஷ் வெளியீட்டுக் கோப்பில், வெளியீட்டுக் கோப்பின் மேல் டிஜிட்டல் கையெழுத்து. கையெழுத்துச் சாவி பத்திரமாக இருக்கும்வரை, நடுவில் இருக்கும் எந்தச் சர்வரையும் நம்பத் தேவையில்லை.

சங்கிலி முழுதும் சரியாக இருந்தும் தோற்கலாம் என்பதை 2024 மார்ச் 29 உணர்த்தியது. மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் போஸ்ட்கிரெஸ் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைத் துருவிக்கொண்டு போய், எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பதைக் கண்டார். பல காலம் உழைத்து நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு பராமரிப்பாளர் கணக்கின் வழியாகவே அது வந்திருந்தது. வெளியீட்டுக் கட்டின் ஹாஷ் எல்லா இடங்களிலும் பொருந்தியது. கையெழுத்தும் சரியாக இருந்தது. ஏனென்றால் நஞ்சு கலந்த அந்தக் கட்டுதான் அதிகாரபூர்வ வெளியீடு.

இந்த நிகழ்வில் அதிகம் பேசப்படாத ஒரு நுணுக்கம் உண்டு. பின்கதவை இயக்கிவைக்கும் கட்டுமான நிரல்துண்டு, எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக் கட்டில் மட்டும் இருந்தது. ஒவ்வொரு பட்டியலும் கட்டின் எண்ணைக் கட்டின் எண்ணோடு ஒப்பிட்டு நிறைவடைந்தது. கட்டைப் பிரித்து, உள்ளிருக்கும் ஒவ்வொரு கோப்பும் களஞ்சியத்தில் இருக்கிறதா என்று கோப்பு மட்டத்தில் பார்த்திருந்தால் அந்தக் கோப்பு தனித்து நின்றிருக்கும். உடனே சந்தேகம் வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அக்காலத்தில் கட்டுமானக் கருவிகள் தாமே உருவாக்கும் கோப்புகளைக் கட்டில் சேர்ப்பது சகஜமாக இருந்தது. ஆனால் கேள்வி கேட்க ஓர் இடமாவது கிடைத்திருக்கும்.

கிட்டத்தட்ட அதே கோப்பு

ஹாஷ் பட்டியலிலிருந்து நழுவ ஒரு பைட்டை மாற்றினால் போதும். நச்சுநிரல் எழுதுவோர் ஒவ்வொரு முறை பரப்பும்போதும் புதிதாகக் கட்டி அனுப்புவதால், ஹாஷை மட்டும் நம்பும் தடுப்பு அவர்களுக்குப் பெரிய தொல்லை அல்ல. பாதுகாப்புத் துறையில் டேவிட் பியான்கோ 2013இல் வரைந்த புகழ்பெற்ற பிரமிட், எதிராளிக்கு எந்தத் தடயத்தை மாற்றுவது எவ்வளவு வலிக்கும் என்று வரிசைப்படுத்தியது. அதில் ஹாஷுக்குக் கிடைத்தது அடித்தட்டு.

இதற்கு மாற்றாக வந்தவை ஒப்புமை ஹாஷ்கள். ஜெஸ்ஸி கோர்ன்ப்ளம் 2006இல் வெளியிட்ட எஸ்எஸ்டீப், கோப்பை அதன் உள்ளடக்கத்துக்கு ஏற்பத் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஓர் எழுத்து வீதம் சேர்த்து ஒரு சரம் தரும். இரண்டு சரங்களை ஒப்பிட்டு நூற்றுக்கு இவ்வளவு ஒப்புமை என்று சொல்லலாம். டிரெண்ட் மைக்ரோ 2013இல் வெளியிட்ட டிஎல்எஸ்எச் அதே நோக்கம் கொண்ட வேறு கணக்கு. அடுத்தடுத்த பதிப்புகளை ஒரே குடும்பமாகச் சேர்க்க இவை உதவும். ஆனால் 'கிட்டத்தட்ட' என்பது சான்று ஆகாது. எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் பொருந்தியதாக எடுத்துக்கொள்வது என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். பெரிய குவியலில் எங்கே தோண்டுவது என்று காட்டுவதற்கே இவை ஏற்றவை.

பட்டியலைச் சரிபார்க்கும் வழிகள்

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பயன் தந்த முயற்சிகள் பெரும்பாலும் புதிய ஹாஷ் கணக்கைத் தேடவில்லை. பட்டியலைச் சோதிக்கத்தக்கதாக மாற்றின. 2013 முதல் டெபியனில் நடந்துவரும் மீள்கட்டுமான முயற்சி அவற்றில் முதன்மையானது. ஒரே மூலநிரலை இருவர் தனித்தனியே கட்டினால் பைட்டுக்குப் பைட் ஒரே கோப்பு வர வேண்டும் என்பது குறிக்கோள். குறுக்கே நின்றவை அற்பமான விஷயங்கள்: கட்டிய நேரத்தை ஜிசிப் என்ற சுருக்கக் கருவி தன் தலைப்பில் எழுதுவது, கோப்புறையில் கோப்புகளை வட்டு தரும் வரிசை, கட்டியவரின் கோப்புறைப் பெயர். அவற்றை ஒவ்வொன்றாகக் களைந்த பிறகு, ஒரு தொகுப்பின் ஹாஷ் 'இந்த நிறுவனம் கொடுத்தது' என்பதைத் தாண்டி, 'இந்த மூலநிரலிலிருந்து வந்தது' என்பதற்கும் சாட்சியாகிறது. எவரும் தானே கட்டிப் பார்த்து அந்தச் சாட்சியைச் சோதிக்கலாம்.

இரண்டாவது, அழிக்க முடியாத பொதுப் பதிவேடு. கோ மொழி 2019இல் திறந்த ஹாஷ் தரவுத்தளத்தில் புதிய வரியைச் சேர்க்கலாம், பழையதைத் திருத்த முடியாது. திருத்தினால் பதிவேட்டின் மொத்த ஹாஷ் மாறி வெளியே தெரிந்துவிடும். ஒருவருக்கு ஒரு கோப்பும் இன்னொருவருக்கு வேறு கோப்பும் கொடுத்து ஏமாற்றுவது இதனால் கடினமாகிறது. பைத்தானின் பிப் 2016 முதல் ஹாஷ் பூட்டை அனுமதிக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம் 2017 முதல் ஷா-512 எண்ணைத் தானாகவே குறித்து வைக்கிறது. முதல் முறை எடுத்த கோப்புதான் அடுத்த முறையும் வருகிறது என்பதை இவை உறுதி செய்யும். முதல் முறை எடுத்தது சரியானதா என்பதை அல்ல.

தொகுத்துப் பார்த்தால்

ஷா-256 போன்ற கணக்கை யாரும் உடைக்கவில்லை; அடுத்து உடைவது அதுவாக இருக்கும் என்று அஞ்சவும் இப்போதைக்குக் காரணம் இல்லை. எக்ஸ்இசட், லாக்4ஜே, கிட்ஹப் நிகழ்வு மூன்றிலும் கணக்கு தன் வேலையைச் சரியாகவே செய்தது. பட்டியல் எந்த மட்டத்தில் எழுதப்பட்டது, அதற்குள் யார் எழுத முடிந்தது என்பவையே விளைவைத் தீர்மானித்தன.

ஆகவே ஒரு ஹாஷ் பட்டியலைக் கையில் எடுப்பவர் கணக்கின் பெயரைப் பார்த்து நிறைவடையக் கூடாது. இந்த எண்கள் எந்த அசலிலிருந்து எடுக்கப்பட்டன, அந்த அசல் இன்னும் இருக்கிறதா? கட்டுக்குப் போட்டவையா, உள்ளிருக்கும் கோப்புக்குப் போட்டவையா? பட்டியலில் இருப்பது தெரிந்தது என்று பொருளா, நல்லது என்று பொருளா? இவற்றுக்கு விடை இல்லாத பட்டியல், எத்தனை கோடி வரிகள் கொண்டதாக இருந்தாலும், வெறும் எண் குவியல். தடயவியல் அறிக்கை எழுதுகிறவர் இதையே தன் பக்கமும் திருப்பிக்கொள்ள வேண்டும்: தெரிந்த கோப்புகள் என்று எத்தனையை விலக்கினேன், எந்தப் பட்டியலின் எந்த மாத வெளியீட்டை வைத்து விலக்கினேன் என்று அறிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். சட்டத்தின் சான்றிதழ்ப் படிவம் ஆவணம் மாறவில்லை என்பதற்கான எண்ணைத்தான் கேட்கிறது. விலக்கியவற்றின் கணக்கைத் தருவது பரிசோதகரின் பொறுப்பு. அதை எழுதியிருந்தால்தான் இன்னொரு பரிசோதகர் அதே வட்டை எடுத்து அதே முடிவுக்கு வர முடிகிறதா என்று பார்க்க முடியும்.